காதில் விழும் நடிகர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நாவல் படிக்கும் பழக்கம் உண்டு. சீரியல் பார்ப்பதில்லை. மாமியார் பார்ப்பார், சமையலறையில் இருக்கும்போது காதில் விழும், அவ்வளவுதான்.

என் மகன் பொறியியல் முடித்தவன். வேலைக்குப் போகாமல் சென்னையில் தங்கி ஒரு தொடரில் சின்ன வேடத்தில் நடிக்கிறான். விசேஷங்களுக்குப் போனால் ‘சினிமாவுக்கு எப்போ?’ என்று கேட்டே கொல்கிறார்கள். எனக்கு அடிக்கடி நடிகர் மாரிமுத்துதான் நினைவுக்கு வருகிறார். எத்தனையோ வருடம் சினிமாவில் இருந்தவர், இரண்டு படம் இயக்கியவர். ஆனால் ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக, அப்பத்தாவின் 40 சதவீதச் சொத்துக்காக அந்த ஆட்டம் ஆடிய பிறகுதான் ஊருக்கே தெரிந்தார். இது வெற்றியா, சினிமா கைவிட்டதற்குக் கிடைத்த ஆறுதல் பரிசா? மகனிடம் நான் என்ன சொல்வது? ஜோதிடர்களை எதிர்த்துப் பேசியதால்தான் அவர் திடீரென்று இறந்துபோனார் என்று மாமியார் இன்னமும் சொல்கிறார். மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்த ஊரில் நடிப்பு என்றால் இளக்காரமாகப் பார்க்கிறார்களே, அதைப் பற்றியும் எழுதுங்கள்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

சீரியல் பார்ப்பதில்லை என்கிறீர்கள். நான்கு வரி தாண்டுவதற்குள் அப்பத்தா வருகிறார், 40 சதவீதம் வருகிறது. சொத்துத் தகராறின் கணக்கு வழக்கு வரைக்கும் தெரிந்திருக்கிறது. இந்த ‘பார்ப்பதில்லை’யைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நாவல் படிக்கிற பெண் சீரியலும் பார்த்தால் எந்தக் குடி முழுகிவிடும்? வாரம் இரண்டு மசாலா படம் பார்க்கிற ஆண் யாரும் எனக்கு எழுதும்போது இப்படி முன்ஜாமீன் எடுப்பதில்லை.

ஜோதிட விஷயத்தை முதலில் ஓரமாக வைத்துவிடுகிறேன். தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் அவர் ஜோதிடர்களோடு மல்லுக்கு நின்றார், அதன் பிறகு கொஞ்ச நாளில் மாரடைப்பில் இறந்தார். ஜோதிடர் காலில் விழுந்து எழுந்தவர்களுக்கும் மாரடைப்பு வருகிறது. மாமியார் சொல்லிவிட்டுப் போகட்டும், பிடித்த மனிதர் திடீரென்று போனால் மனசு ஒரு காரணத்தைத் தேடும். படித்த நீங்கள் அதை மெனக்கெட்டுக் கடிதத்தில் ஏற்றியிருக்க வேண்டாம்.

மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றி இங்கே வேண்டாம். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கியது, ஏற்காடு சாலையில் இன்று அதன் நுழைவு வளைவுதான் நிற்கிறது என்பது சேலத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த வளைவைச் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விடுவது நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. நான் அதில் சேர்வதாக இல்லை.

எனக்கு வேண்டியது உங்கள் கடிதத்தில் வேறோர் இடத்தில் இருக்கிறது. ‘காதில் விழும், அவ்வளவுதான்.’ தெரியாமல் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கொஞ்ச காலமாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது இதுதான்.

என் அத்தை சிவதாபுரத்தில் கொலுசு வேலை செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். வேலைக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் எல்லோரும் வாசலையும் டியூப் லைட்டையும் பார்த்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். டிவி இருப்பது அவர்களுக்குப் பின்னால், அலமாரிக்குப் பக்கத்தில். தீபாவளி ஆர்டர் நேரத்தில் இரவு பதினோரு மணி வரைக்கும் வேலை ஓடும், அப்போதெல்லாம் ஒன்பதரைக்கு ‘எதிர்நீச்சல்’ ஓடும். அத்தை டிவியைப் பார்த்து நான் கண்டதில்லை. அவர் முதுகைத்தான் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்.

கொலுசில் சலங்கையைப் பற்றவைக்கிற வேலையில் கண்ணை எடுக்க முடியாது. இடுக்கியில் பிடித்திருப்பது கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளி மணி. தீ அரை நொடி கூடுதலாக நின்றால் மணி உருகி உட்கார்ந்துவிடும், அந்த வரிசையையே பிரித்து மறுபடி செய்ய வேண்டும். தீ ஊதுகிற சத்தமோ ‘ஸ்ஸ்’ என்று விடாமல் வரும். அந்தச் சத்தத்துக்குள் வசனம் கேட்க வேண்டும். அத்தை என்ன செய்வார் என்றால், பின்னணி இசை ஏறும்போதே இன்னார் பேசப்போகிறார் என்று கண்டுபிடித்துவிடுவார். கை தன்னால் போய் காஸ் திருகைக் குறைக்கும். நீலத் தீ சுருங்கி நிற்கும். குணசேகரன் ‘இந்தாம்மா... ஏய்!’ என்பார். பேசி முடித்ததும் தீ மறுபடி சீறும். ‘அத்தை, திரும்பித்தான் பாரேன்’ என்றால், ‘இரு சாமி, அவரு மூஞ்சிய பாத்து எனக்கு என்ன ஆவணும்’ என்பார்.

மாரிமுத்து இறந்த மறுநாள் பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். அத்தை அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். ‘இவரா? குரலுக்கு இன்னும் பெரிய உருவமா இருப்பார்னு நெனச்சேன்’ என்றார். ஒன்றரை வருடம் தினமும் வீட்டுக்கு வந்த மனிதரின் முகத்தை அன்றைக்குத்தான் அவர் நின்று பார்த்தார்.

தமிழ்த் தொலைக்காட்சி நடிகர் என்பவர் முதலில் ஒரு குரல். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சீரியலைக் கிண்டல் செய்கிறவர்கள் என்னவெல்லாம் சொல்கிறார்கள்? ஒரே விஷயத்தை மூன்று பேர் மூன்று தடவை பேசுகிறார்கள், இசை இரைகிறது, ஒரு அதிர்ச்சிக்கு ஒன்பது முகத்தைக் காட்டுகிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் இது அபத்தம்தான். ஆனால் அந்த வசனம் முதல் தடவை வரும்போது உங்கள் வீட்டில் மிக்ஸி ஓடுகிறது. இரண்டாம் தடவை குக்கர் விசில் அடிக்கிறது. மூன்றாம் தடவைதான் காதில் விழுகிறது. இசை ஏறுவது அத்தைக்குத் தீயைக் குறைக்கச் சொல்லும் தாக்கல். கை ஓயாதவர்களுக்காக உண்டான ஒரு வடிவத்தைக் கை ஓய்ந்தவர்கள் உட்கார்ந்து விமர்சிக்கிறார்கள்.

இது சீரியல் கொண்டுவந்த பழக்கமும் இல்லை. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். ஒரு முழுப் படத்தின் சத்தத்தை மட்டும் சுருக்கித் தருவார்கள். பார்க்காத படத்துக்கெல்லாம் நாங்கள் அழுதிருக்கிறோம். கோட்டை மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா என்றால் குழாய் ஒலிபெருக்கியில் கட்டபொம்மன் வசனமும் திருவிளையாடல் தருமி வசனமும் தெருத்தெருவாகப் போகும். 1984இல் ‘விதி’ வந்தபோது அந்த நீதிமன்றக் காட்சியின் கேசட் ஓடாத டீக்கடை இல்லை. சிவாஜியின் கண்ணைப் பற்றி எழுதியவர்கள் உண்டு, நடையைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. குறுக்குத் தெருவில் சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டே அவரைக் காதால் மனப்பாடம் செய்த பெண்களைப் பற்றி யார் எழுதினார்கள்?

இப்போது மாரிமுத்துவுக்கு வருகிறேன். தேனி மாவட்டம், வருசநாட்டுப் பக்கம். இயக்குநர் ஆகவேண்டும் என்று வீட்டைவிட்டுச் சென்னைக்கு ஓடிவந்தவர், ஓட்டலில் வேலை பார்த்தவர். ராஜ்கிரணிடம் உதவி இயக்குநர், பிறகு வசந்திடம், எஸ்.ஜே. சூர்யாவிடம். 2008இல் ‘கண்ணும் கண்ணும்’, 2014இல் ‘புலிவால்’ இயக்கினார். நடுவில் 2011இல் ‘யுத்தம் செய்’யில் மிஷ்கின் அவரை நடிக்கவைத்தார். 2018இல் ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் கதாநாயகியின் அப்பா அவர்தான். அதில் அவர் குரலைக் கவனித்தீர்களா? கல்யாண மண்டபத்தில் அந்தப் பையனைத் தனியே உட்காரவைத்துப் பேசும் இடம். குரலில் பயம், சாதி, மகள்மேல் பாசம், எதிரே இருப்பவனிடம் ஒரு கெஞ்சல், எல்லாம் கலந்து அடித்தொண்டையிலேயே நிற்கும். அந்தத் தொண்டைதான் நாலு வருடம் கழித்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ‘ஏய்’ என்றது.

2022 பிப்ரவரியில் தொடர் ஆரம்பித்தது. திருச்செல்வம் இயக்கம். படித்த மருமகள்கள் நால்வரை அடுப்படிக்குள் அடைத்துவைக்கும் வீடு. குணசேகரன் மாதிரி வில்லன்கள் ஆயிரம் பேர் உண்டு, கத்துவார்கள். மாரிமுத்து கத்தும் நேரம் குறைவு. இழுத்து, கொஞ்சம் சிரிப்போடு, பாதி வாக்கியம் வரைக்கும் நியாயம் பேசுகிற மாதிரியே வருவார். கடைசியில் குரல் சடக்கென்று கீழே இறங்கும். அடுப்படிக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகத் தலையைத் திருப்பாமலே பேசுகிற ஆம்பிளைக் குரல் அது. நம் வீடுகளில் அப்பாவோ பெரியப்பாவோ அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், நாமும் முகம் பார்க்காமல்தான் அதைக் கேட்டிருக்கிறோம். அதனால்தான் அத்தைக்கு முகம் தேவைப்படவில்லை.

தொழிலின் நடைமுறையும் கொஞ்சம் சொல்கிறேன், மகன் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டான். பல தொடர்களில் வசனத் தாள் காலையில்தான் கைக்கு வரும். மனப்பாடம் செய்ய நேரம் கிடையாது. கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் நின்று வரிவரியாக எடுத்துக்கொடுப்பார், நடிகர் வாங்கிப் பேசுவார். ப்ராம்ப்டிங் என்பார்கள். எடுத்துக்கொடுப்பவர் குரலும் பதிவாகிவிடும் என்பதால் படப்பிடிப்புச் சத்தம் உதவாது, அத்தனையையும் டப்பிங்கில் திரும்பப் பேசவேண்டும். முகத்துக்கு ஒரு நாள் சம்பளம் என்றால், நடிப்பின் பாதி இருட்டறையில் மைக் முன்னால் நடக்கிறது. கர்நாடகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வருகிற கதாநாயகிகள் பலருக்கு வேறு யாரோ பேசுகிறார்கள். நீங்கள் அழுதது யாருக்காக என்று அப்போது யோசித்துப் பாருங்கள். குரல் கொடுத்த அந்தப் பெண்களின் பெயர் தலைப்பு ஓடும் வேகத்தில் உங்கள் கண்ணுக்கு அகப்படுவதே இல்லை.

2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலை, மாரிமுத்து ‘எதிர்நீச்சல்’ டப்பிங்கில்தான் இருந்தார். ஆகஸ்டில் அவர் நடித்த ‘ஜெயிலர்’ வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பேசிக்கொண்டிருந்தவருக்கு மூச்சு முட்டியது, வெளியே வந்தார், மருத்துவமனைக்குப் போனார், அங்கே போய்விட்டார். ‘சினிமா கைவிட்டவர்’ என்று நீங்கள் எழுதிய மனிதரின் படம் அன்றைக்கும் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தது, எஸ். இரண்டும் ஒரே தொழில், ஒரே தொண்டை. ஆறுதல் பரிசு என்ற பேச்சை இனி என்னிடம் எடுக்காதீர்கள்.

பிறகு அந்த வேடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். இலக்கியவாதிகள் முகம் சுளித்த ஒரு வேலையை, நம்மில் ஒருவர் போய் உட்கார்ந்து தினமும் செய்தார் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அத்தை அந்த முதல் நாளும் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். புதுக்குரல் ஒரு வரி பேசியதும் தீயைக் குறைத்தார். கேட்டார். ‘நல்லாத்தான் பேசறாரு. ஆனா இவரு வேற ஊட்டு அண்ணன்’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். ஒரு நடிகருக்கு இதைவிடப் பெரிய விருது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. இதை எந்த மேடையிலும் தரமாட்டார்கள்.

உங்கள் மகனை மறந்துவிடவில்லை. உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அவர்கள் இன்ஜினியர் பையன்களிடம் ‘அமெரிக்காவுக்கு எப்போ?’ என்று கேட்கிறவர்கள், எதிலும் அடுத்த படியைத்தான் கேட்பார்கள். அவனிடம் ஒன்று மட்டும் விசாரியுங்கள்: அவனுக்கு அவனே டப்பிங் பேசுகிறானா? இல்லையென்றால் சண்டை போட்டாவது அதை வாங்கச் சொல்லுங்கள். சம்பளம் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் பரவாயில்லை. சேலத்துப் பேச்சு வாயில் இருந்தால் அதை மொத்தமாகக் கழுவிவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மாரிமுத்து தன் ஊர்ப் பேச்சை வைத்துத்தான் பிழைத்தார்.

இன்னொன்று. இவ்வளவு பெரிய கடிதத்தில் மாரிமுத்துவின் தொடர் பெயர் இருக்கிறது, அவர் வேடத்தின் பெயர் இருக்கிறது. உங்கள் மகன் நடிக்கும் தொடரின் பெயரை எழுதவில்லை. மறந்துவிட்டீர்கள் என்று நான் நம்பத் தயாரில்லை. எழுதக் கூச்சமாக இருந்திருக்கிறது, பெற்ற பிள்ளை செய்யும் வேலையின் பெயரைச் சொல்ல. எந்த சேனல், எத்தனை மணி என்று நாளைக்கே எழுதி அனுப்புங்கள். அத்தையிடம் கொடுக்க வேண்டும்.