கிராண்ட் ஹில் போன பிறகு டெட்ராய்ட்டுக்கு ஆள் கிடைத்தது எப்படி?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான NBAவில், டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியோடு ஒப்பந்தம் முடிந்த நட்சத்திர வீரர் ஹில்லுக்கு ஈடாக 2000இல் பென் வாலஸ் எப்படி வந்தார் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் குழம்பியதில் தப்பில்லை. ஹில் நேராக ஆர்லாண்டோ அணியில் கையெழுத்திட்டிருந்தால் டெட்ராய்ட்டுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனால் அன்றைய விதிப்படி சொந்த அணியால் மட்டுமே 7 வருட ஒப்பந்தம் தர முடியும். அதனால் ஹில் முதலில் டெட்ராய்ட்டுடன் சுமார் 9.3 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார், அந்த ஒப்பந்தத்தோடேயே ஆர்லாண்டோவுக்கு மாற்றப்பட்டார். பதிலுக்கு பென் வாலஸும் சக்கி அட்கின்ஸும் வந்தார்கள். கணுக்கால் காயத்தால் ஹில் அடுத்த மூன்று சீசனில் ஆடியது மொத்தம் 47 ஆட்டம். டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) யாருமே எடுக்காத பென் வாலஸ், சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்கு முறை வாங்கினார்.

அப்போது நிர்வாகத் தலைவர் ஜோ டூமார்ஸ்தான். 14 சீசனும் டெட்ராய்ட்டுக்கே ஆடி, 1989, 1990 கோப்பைகளை வென்று 1999இல் ஓய்வு பெற்றவர். 2004 கோப்பை மட்டும் நிர்வாகியாக வென்றது, இதைப் பலர் குழப்பிக்கொள்வார்கள்.

2004 அணியின் மற்றவர்கள் வந்த விதம்: 2002இல் பில்லப்ஸ் ஒப்பந்தம், ஸ்டாக்ஹவுஸைக் கொடுத்து ஹாமில்டன், டிராஃப்டின் 23ஆவது தேர்வில் பிரின்ஸ். 2004 பிப்ரவரியில் ரஷீத் வாலஸ், அட்லாண்டாவுக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடிய கையோடு. இறுதித் தொடரில் லேக்கர்ஸ் அணியை 4-1 என்று முடித்தார்கள்.

சறுக்கலும் உண்டு: 2003 டிராஃப்டின் இரண்டாவது தேர்வில் டூமார்ஸ் டார்கோ மிலிசிச்சை எடுத்தார். பின்னாளில் நட்சத்திரங்களான ஆந்தனி, பாஷ், வேட் மூவரும் அடுத்தடுத்த தேர்வுகளில் வேறு அணிகளுக்குப் போனார்கள். என் கணக்கில் அதைவிடப் பெரிய தவறு 2008இல் பில்லப்ஸைக் கொடுத்து ஐவர்சனை வாங்கியது.