வெளிவராமலே கைவிடப்பட்ட வீடியோ கேம்களில் உங்களை அதிகம் யோசிக்க வைத்தது எது? அவை எப்படி வெளியே வருகின்றன?

பாலைவனத்தில் எட்டு மணி நேரம் பஸ் ஓட்டும் கேம். கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி ஒன்று இருக்கிறது.

பென், டெல்லர் என்று அமெரிக்காவில் ஒரு பிரபலமான மேஜிக் ஜோடி. அவர்கள் பெயரில் செகா சிடி என்ற கேம் கருவிக்காக 1995 வாக்கில் ‘ஸ்மோக் அண்ட் மிரர்ஸ்’ என்றொரு கேம் தயாரானது. உங்கள் நண்பர்களை ஏமாற்ற நீங்கள் பயன்படுத்தும் குட்டிக் குட்டி விளையாட்டுகளின் தொகுப்பு அது. அதில் ஒன்றுதான் ‘டெசர்ட் பஸ்’. அமெரிக்காவின் டூசான் நகரிலிருந்து லாஸ் வேகாஸ் வரை ஒரு காலி பஸ்ஸை ஓட்டிப் போக வேண்டும். வேகம் மணிக்கு 45 மைலைத் தாண்டாது. எட்டு மணி நேரப் பயணம் என்றால் திரைக்கு முன்னாலும் எட்டு மணி நேரம்தான். நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பட்டன் மேல் டேப்பை ஒட்டிவிட்டுத் தூங்கப் போகலாமே என்று நினைப்பீர்கள். அதையும் யோசித்து வைத்திருக்கிறார்கள்: பஸ் எப்போதும் லேசாக வலது பக்கம் இழுக்கும். கவனிக்காமல் விட்டால் மண்ணில் இறங்கிப் படுத்துவிடும். அப்புறம் இழுவை வண்டி வந்து உங்களை டூசானுக்கே திரும்ப இழுத்துப் போகும், அதுவும் நிஜ நேரத்தில். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் பரிசு ஒரே ஒரு பாயிண்ட்.

கேமைச் செய்து முடித்துவிட்டார்கள். விமர்சனம் எழுதுபவர்களுக்குப் பிரதிகள்கூடப் போய்விட்டன. அந்த நேரம் பார்த்து வெளியிட வேண்டிய அப்சல்யூட் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் இழுத்து மூடப்பட்டது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். விமர்சனத்துக்குப் போன பிரதிகளில் ஒன்றை யாரோ குப்பையில் போடாமல் வைத்திருந்தார்கள். ஏறக்குறைய பத்து வருடம் கழித்து அது ஃபிராங்க் சிஃபால்டி என்ற பழைய கேம் ஆய்வாளரின் கைக்கு வந்து, அவர் மூலம் இணையத்துக்கு வந்தது. 2007ல் கனடாவைச் சேர்ந்த ஒரு நகைச்சுவைக் குழு, மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்கு நிதி திரட்ட இந்த பஸ்ஸை நாள்கணக்கில் ஓட்ட ஆரம்பித்தது. ‘டெசர்ட் பஸ் ஃபார் ஹோப்’ என்ற பெயரில் அது ஆண்டுதோறும் தொடர்கிறது. கடைக்கே வராத கேம் இவ்வளவு பேருக்கு உதவியிருக்கிறது!

என்னை யோசிக்க வைத்தது பஸ் இல்லை, அந்தப் பிரதியைக் குப்பையில் போடாத ஆள்தான். கைவிடப்பட்ட கேம்களின் கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தால், திரும்பத் திரும்ப இதே ஆள் வேறு வேறு வேஷத்தில் வருவார். திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவர், அழிக்க வேண்டியதை அழிக்காதவர், வேலையை விட்டுப் போகும்போது பெட்டியில் ஒரு டிஸ்க்கைச் சேர்த்துப் போட்டுக்கொண்டவர். கம்பெனிகள் பத்திரமாக வைத்திருந்து வெளியே வந்தவை மிகக் குறைவு.

அந்தக் குறைவில் ஒன்று ‘ஸ்டார் ஃபாக்ஸ் 2’. விண்வெளிச் சண்டை கேம். 1995ல் சூப்பர் நின்டெண்டோ கருவிக்காக முடித்தே விட்டார்கள். ஆனால் போட்டிக் கருவிகளான பிளேஸ்டேஷனும் சாட்டர்னும் 3டியில் வேறு தளத்துக்குப் போய்விட்டிருந்தன, நின்டெண்டோவின் அடுத்த கருவியான நின்டெண்டோ 64 வேறு வரப்போகிறது. பழைய பெட்டியில் கரடுமுரடான 3டியைக் காட்டினால் ஒப்பிட்டுச் சிரிப்பார்கள் என்று அலமாரியில் வைத்துவிட்டார்கள். அரைகுறைப் பதிப்புகள் கசிந்து, ரசிகர்கள் அவற்றை ஒட்டுப்போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அசல் இறுதிப் பதிப்பு 2017 செப்டம்பரில், குட்டி சூப்பர் நின்டெண்டோ பெட்டிக்குள் வந்தது. 22 வருடம். இதில் கவனிக்க வேண்டியது, கேம் மோசம் என்று யாருமே சொல்லவில்லை. நான் பார்த்தவரை கைவிடப்படும் காரணம் பெரும்பாலும் கேமுக்கு வெளியேதான் இருக்கிறது: பணம் தீர்ந்தது, கம்பெனி கைமாறியது, கருவி பழசானது. செகாவின் ட்ரீம்காஸ்ட் கருவிக்கு வரவேண்டிய ‘புரொபெல்லர் அரீனா’ விமானச் சண்டை கேம். அது வெளிவர இருந்த மாதம் 2001 செப்டம்பர். மேலே சொல்லத் தேவையில்லை.

நியாயமாகவே கைவிடப்பட்டவையும் உண்டு. ‘ரெசிடென்ட் ஈவில் 2’ என்ற திகில் கேமின் முதல் வடிவத்தைப் பாதிக்கு மேல் கட்டிய பிறகு கேப்காம் நிறுவனம் தூக்கிப் போட்டது. ரசிகர்கள் அதை ‘1.5’ என்பார்கள். 2013ல் அதன் ஒரு பில்டு, அதாவது செய்துகொண்டிருந்த நிலையிலேயே ஓடும் ஒரு பதிப்பு, கசிந்தது. ஓட்டிப் பார்த்தேன். பிறகு வெளிவந்த கேமின் நாயகி கிளேர் இதில் இல்லை, எல்சா வாக்கர் என்ற பைக் ஓட்டும் பெண். போலீஸ் நிலையம் சாதாரண நவீன அலுவலகம் மாதிரி இருக்கிறது: நேரான தாழ்வாரம், பளிச்சென்ற விளக்கு. பயமே வரவில்லை, ஏதோ படிவம் கொடுக்கப் போன மாதிரிதான் இருந்தது. 1998ல் வந்த கேமில் அதே இடம் பழைய அருங்காட்சியகக் கட்டடமாக மாறி, உயரமான கூடமும் சிலைகளுமாக மிரட்டுகிறது. தூக்கிப் போட்டதுதான் சரி. ஆனால் எதைத் தூக்கிப் போட்டார்கள் என்று பார்த்த பிறகுதான் அந்தக் கூடம் ஏன் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று எனக்கு உறைத்தது.

‘டைனோசர் பிளானட்’ இன்னும் வினோதம். ரேர் நிறுவனம் நின்டெண்டோ 64-க்காகச் செய்துகொண்டிருந்த கேம். பாதியில், இதில் வரும் நாயகனுக்குப் பதிலாக ‘ஸ்டார் ஃபாக்ஸ்’ கேமின் நாயகனான நரியைப் போடலாமே என்று நின்டெண்டோ பக்கம் யோசனை வந்தது. கடைசியில் 2002ல் கேம்கியூப் கருவியில் ‘ஸ்டார் ஃபாக்ஸ் அட்வென்ச்சர்ஸ்’ என்று வேறு கேமாக வந்தது. 2021 பிப்ரவரியில் ‘ஃபாரஸ்ட் ஆஃப் இல்யூஷன்’ என்ற, பழைய கேம்களைப் பாதுகாக்கும் குழு, தனியாரிடம் விலைக்கு வாங்கிய டிஸ்க்கிலிருந்து பழைய பில்டை வெளியிட்டது. அந்த பில்டு மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே உறைந்துபோனது. உருவம் நரியினுடையது, கூப்பிடுவது ‘சேபர்’ என்ற பழைய நாயகன் பெயரில். ஒரு வீட்டில் பேர்ப்பலகையை மாற்றிவிட்டு, உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்ல மறந்த மாதிரி.

எப்படி வெளியே வருகின்றன என்று கேட்டிருந்தீர்கள். கேட்ரிட்ஜ் காலத்துப் புரோட்டோடைப் ஒன்றை, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பிரதியை, பிரிக்கும்போது ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நண்பர் ஒருவர் ஏலத்தில் எடுத்தது. உள்ளே பச்சைப் பலகையில், கேமைப் பதிந்து வைக்கும் ஈப்ரோம் சிப்புகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல், அதை மூடி ஒரு ஸ்டிக்கர், ஸ்டிக்கரில் மங்கிப்போன பேனா எழுத்தில் ஒரு தேதி. அந்த ஸ்டிக்கரைப் பெயர்த்துப் பார்க்கத்தான் கை போகும். போகவே கூடாது. ஜன்னல் வழியாகப் புற ஊதாக் கதிர் விழுந்தால் சிப்பில் இருப்பது அழியும். அழித்துவிட்டு மறுபடி எழுதுவதற்காகத்தான் அந்த ஜன்னலையே வைத்தார்கள். வெளிச்சம் படாமலே வைத்திருந்தாலும் கெடு உண்டு. உள்ளே தேங்கியிருக்கும் மின்னூட்டம் வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, 0 இருந்த இடம் 1 ஆகிவிடும். இரண்டு மூன்று இடத்தில் அப்படி ஆனாலே கேம் தொடங்காமல் போகலாம்.

நண்பர் ரீடரில் வைத்துப் படித்தார். ஒரே சிப்பை ஐந்து தடவை படிக்க வேண்டும், ஐந்தின் செக்சம்மும் (படித்ததிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போக வேண்டும். முதல் இரண்டு ஒத்துப்போயின, மூன்றாவது இடறியது. அறையில் ஒரு சத்தமில்லை. சிப்பைக் கழற்றி, கால்களை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து மறுபடி வைத்தார். ஐந்தும் ஒன்றாக வந்தன. கோப்பை எமுலேட்டரில், அதாவது பழைய கருவி போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில், திறந்து, கடையில் விற்ற பதிப்போடு பைட் பைட்டாக ஒப்பிட்டோம். ஒரு வித்தியாசம்கூட இல்லை. அச்சுக்குப் போன பதிப்பேதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு. இந்தப் பொழுதுபோக்கில் பாதி நாள் இப்படித்தான் போகும்.

மீதிப் பாதி காசு விஷயம். நின்டெண்டோவின் ‘மதர்’ கேம் 1990லேயே ஆங்கிலத்துக்குத் தயாராகி, கிடப்பில் போடப்பட்டது. 1998ல் அதன் கேட்ரிட்ஜ் வெளிப்பட்டபோது ரசிகர்கள் 400 டாலர் சேர்த்துக் கொடுத்துத்தான் பிரதி எடுத்தார்கள். நின்டெண்டோவே அதிகாரபூர்வமாக வெளியிட்டது 2015ல். இன்னொரு பக்கம், ‘உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது’ என்பதற்காகவே வைத்திருக்கும் சேகரிப்பாளர்கள். பிரதி எடுத்து வெளியிட்டால் விலை விழும் என்று சிப்பைத் தொடவே விட மாட்டார்கள். எனக்கு இவர்கள் மேல் பொறுமை இல்லை. சிப் கசிவது இவர்களுக்காக நிற்காது. அட்டாரி 1982ல் செய்து கைவிட்ட ‘அக்கா ஆர்’ என்ற, காசு போட்டு விளையாடும் ஆர்கேட் கேமுக்கு (நம் அக்கா இல்லை) தெரிந்த இயந்திரங்கள் மூன்றே மூன்று. 2019ல் அதன் ரோம், அதாவது சிப்பில் இருந்த கேமின் நகல், வெளியே வரும்வரை, அதை விளையாடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சட்டப்படி இதில் பெரும்பாலானது மீறல்தான், மறுக்கவில்லை. சர்வரை உடைத்துத் திருடுவதை நான் ஆதரிக்கவும் இல்லை. ஆனால் விதியை மீறியவர்கள் இல்லாவிட்டால் என்ன இருந்திருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1990ல் ஜான் கார்மாக், ஜான் ரொமேரோ, டாம் ஹால் என்ற அமெரிக்க கேம் தயாரிப்பாளர்களின் கூட்டம், வேலை பார்த்த கம்பெனியின் கம்ப்யூட்டர்களையே வார இறுதியில் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3’-ஐ பிசியில் ஓடவைத்தது. அப்போதைய பிசியில் திரை முழுவதையும் நொடிக்குப் பலமுறை வரைந்து நகர்த்தத் திராணி கிடையாது. மாறிய கட்டங்களை மட்டும் திரும்ப வரையும் ஒரு உத்தியைக் கார்மாக் கண்டுபிடித்திருந்தார். நின்டெண்டோவிடம் காட்டினார்கள், வேண்டாம் என்றுவிட்டது. அதே உத்தியில் அதே ஆண்டு டிசம்பரில் ‘கமாண்டர் கீன்’ வந்தது, அந்தக் கூட்டம்தான் பிறகு ‘டூம்’ என்ற புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டை கேமைச் செய்தது. அந்த மரியோ டெமோவின் ஃபிளாப்பி 2021ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் இருக்கும் ஸ்ட்ராங் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கொடுத்தவர் அதைச் செய்தவர்களில் ஒருவர்கூட இல்லை, ஏதோ ஒரு வேலை விஷயமாக எப்போதோ கைக்கு வந்ததை வைத்திருந்த வேறொரு கேம் தயாரிப்பாளர்.

இதையெல்லாம் இவ்வளவு பேசுவதற்குச் சொந்தக் காரணமும் ஒன்று இருக்கிறது.

நானும் சில வருடம் ஒரு ஸ்டூடியோவில் புரோகிராமராக இருந்தேன். பெயர் வேண்டாம். ஏழு பேர், 14 மாதம், கலங்கரை விளக்கம் காக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய கேம். விளக்கொளி போகும் திசையில் நிழல் விழும், அந்த நிழல் மேல் ஏறி அவள் நடப்பாள். அதுதான் விளையாட்டு. ஒரு திங்கட்கிழமை காலை கூட்டத்தில் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். முதலீடு செய்தவர்களுக்கு வேறு மாதிரி கேம் வேண்டுமாம். மதியமே சர்வர் அனுமதி போனது. சாயங்காலம் லேப்டாப்பைத் துடைத்துக் கொடுக்கச் சொல்லி மெயில்.

என் பையில் பென்டிரைவ் இருந்தது. பில்டு மொத்தமே 900 எம்பி. நகல் எடுக்கக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். எடுக்கவில்லை. நல்ல பிள்ளையாக லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு வருடத்தில் அந்த ஸ்டூடியோவே இல்லாமல் போனது. சர்வர் என்ன ஆனது என்று பழைய சகாக்கள் ஆறு பேரிடமும் கேட்டுவிட்டேன். யாரிடமும் ஒன்றும் இல்லை. நாங்கள் ஏழு பேருமே நல்ல பிள்ளைகள்.

மிச்சம் இருப்பது என் போனில் 38 நொடி வீடியோ. ஒரு பிழையைக் காட்டுவதற்காகத் திரையைப் படமெடுத்து அனிமேட்டருக்கு அனுப்பியது. அந்தப் பெண் படிக்கட்டில் ஏற வேண்டும், படியை விட்டுவிட்டுக் காற்றில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கிறாள். பின்னால் யாரோ, “டேய், விடுடா, நல்லாத்தானே இருக்கு” என்று சிரிக்கிற குரல். மறுநாளே அந்தப் பிழையைச் சரிசெய்துவிட்டேன். சரிசெய்த பதிப்புதான் எங்கேயும் இல்லை.