கரடி எங்கே போயிற்று?

கேள்வி: அமெரிக்காவில் காட்டுக்கு நடுவே நிற்கும் ‘டெவில்ஸ் டவர்’ எரிமலைப் பாறையே அல்ல, கல்லாகிப்போன ராட்சத மரத்தின் அடிக்கட்டை, விஞ்ஞானிகள் இதை மறைக்கிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அங்குள்ள பழங்குடிகளும் அதை மரம் என்றுதான் சொல்கிறார்களாமே?

பதில்: 264 மீட்டர் உயரக் கல்லை எந்தத் துணி போட்டு மறைப்பது? 1906-லேயே அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதை அந்நாட்டின் முதல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்துவிட்டார். வயோமிங் மாநிலத்தில் டிக்கெட் கொடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். மறைக்கிற லட்சணம் இதுதான்!

கல்லாகிப்போன மரம் பார்க்க ஆசையென்றால் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குப் போங்கள். கல்லிலும் மரத்தின் நாரோட்டம் தெரியும். டெவில்ஸ் டவரில் அப்படி எதுவும் கிடையாது. அடிவாரத்தில் உடைந்து கிடக்கும் தூண்களின் வெட்டுமுகத்தைப் பார்த்தால், ஐந்து பட்டை, ஆறு பட்டையாகச் சீவாத பென்சில் மாதிரி இருக்கும். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலெழுந்த பாறைக்குழம்பு அது. ஆறும்போது சுருங்கி, வற்றிய ஏரிச் சேறு பாளம் பாளமாக வெடிப்பதுபோல வெடித்தது. வெடிப்பு உள்ளே இறங்க இறங்கத் தூண்களாயிற்று. சுற்றியிருந்த மிருதுவான பாறையை மழையும் ஆறும் அரித்துத் தின்றுவிட, இது மட்டும் மிஞ்சியது. எரிமலையின் தொண்டைக்குள் உறைந்ததா, மேலே வராமல் பூமிக்குள்ளேயே உறைந்ததா என்று புவியியலாளர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. மரமா என்ற வழக்கு அங்கே இல்லை.

பழங்குடிகள் விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது பாதி சரி. கயோவா மக்களின் கதையில் ஏழு சகோதரிகள், ஒரு சகோதரன். விளையாடிக்கொண்டிருந்த பையன் திடீரென்று பேச்சிழந்து, நடுங்கி, நாலு காலில் ஓடுகிறான், விரல்கள் நகங்களாகின்றன, கரடியாகிவிடுகிறான். ஓடிவரும் பெண்களை ஒரு அடிமரம் பேசி அழைக்கிறது. ஏறினார்களோ இல்லையோ, அது வானத்தை நோக்கி வளர்கிறது. எட்டாத ஆத்திரத்தில் கரடி அதன் பட்டையைச் சுற்றிலும் பிறாண்டுகிறது. பெண்கள் சப்தரிஷி மண்டலமாகிவிடுகிறார்கள். இன்னொரு வடிவத்தில் மரத்துக்குப் பதில் பாறை, சப்தரிஷிக்குப் பதில் கார்த்திகை.

பாறையில் தெரியும் அந்த நெடுங்கோடுகளை அவர்கள் எவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும்! வீடியோக்காரரோ கதையிலிருந்து மரத்தை மட்டும் வெட்டிக்கொண்டு போய்விட்டார். கரடியையும் காணோம், பெண்களையும் காணோம்.

பெயரிலுள்ள ‘டெவில்’, அதாவது சாத்தானும் அங்கே வந்தேறிதான். லக்கோட்டா பழங்குடிகளின் மொழியில் அந்தப் பாறை ‘மாத்தோ தீபிலா’, கரடியின் வீடு. 1875-ல் அமெரிக்க ராணுவத்தின் கர்னல் ரிச்சர்டு டாட்ஜுடன் போன குழு ‘கெட்ட தெய்வத்தின் கோபுரம்’ என்று எழுதி வைத்தது, அதுவே ‘டெவில்ஸ் டவர்’ ஆயிற்று. மொழிபெயர்ப்பில் வந்த பிழை என்கிறார்கள்.

இன்றும் அடிவாரத்துப் பைன் மரங்களில் பழங்குடிகளின் வேண்டுதல் துணிகள் கட்டியிருக்கின்றன. ஜூன் மாதம் அவர்களுடைய சடங்குக் காலம். அந்த மாதத்தில் பாறையேற வேண்டாம் என்று 1995 முதல் நிர்வாகமே கேட்டுக்கொள்கிறது. உத்தரவில்லை, வேண்டுகோள்தான், பெரும்பாலோர் மதிக்கிறார்கள். உங்கள் வீடியோக்காரர் கேமராவை அந்தத் துணிகளின் பக்கம் ஒருமுறையாவது திருப்பினாரா?