பழைய சோவியத் ஷெல்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழம்பொருள் சந்தையில் வாங்கியவற்றைப் பற்றியவை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒரே கேள்வியில் சேர்த்துவிட்டேன். புதியவர்களுக்கு: ஷெல் என்பது பீரங்கியிலிருந்து பறந்து போகும் குண்டு, கேஸ் என்பது அதன் பின்னால் உந்துமருந்து வைத்திருக்கும் குழாய்.

கே: படம் இணைத்திருக்கிறேன். இது என்ன, எவ்வளவு போகும்?

ப: படத்தில் சோபா நன்றாகத் தெரிகிறது. ஷெல்தான் தெரியவில்லை. கேஸின் நீளம், வாயின் விட்டம், அடி விளிம்பின் விட்டம், அடிப்பக்கத்தை நேராக எடுத்த படம், பக்கவாட்டில் மையால் போட்டிருக்கும் ஸ்டென்சில் எழுத்துகள். இந்த ஐந்தும் இல்லாமல் எழுதாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? விலை நான் சொல்வதில்லை.

கே: பித்தளைக் கேஸ். நீளம் 63 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, வாய் 85 மி.மீ. டி-34 டாங்கியுடையது என்று விற்றவர் சொன்னார்.

ப: இருக்கலாம். ஆனால் 1939 மாடல் விமான எதிர்ப்புப் பீரங்கி, டி-34-85 டாங்கி, போருக்குப் பிறகு வந்த டி-44 பீரங்கி எல்லாவற்றுக்கும் இதே அளவு கேஸ்தான். ஸ்டென்சில் மிச்சம் இருந்தால் மேற்கொண்டு பேசலாம். இல்லையென்றால் அட்டையில் '85 மி.மீ.' என்று எழுதி வையுங்கள், டாங்கியை விட்டுவிடுங்கள்.

கே: கேஸின் அடியில் 1943, ஷெல்லில் 1952. ஏமாந்துவிட்டேனா?

ப: இல்லை. சுட்ட கேஸைச் சேகரித்து, சரிசெய்து, மறுபடி நிரப்புவது அங்கே வழக்கம். அடியில் இருப்பது கேஸ் செய்யப்பட்ட காலம், அவ்வளவுதான். ஸ்டென்சிலில் உள்ள நிரப்பிய ஆண்டு கேஸின் ஆண்டுக்கு முந்தியதாக இருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

கே: 45 மி.மீ. டாங்கி எதிர்ப்பு ஷெல், கேஸோடு சேர்ந்தே இருக்கிறது. மூக்கில் ஃபியூஸ் (வெடிக்கச் செய்யும் கருவி) இல்லை. "திட இரும்பு, உள்ளே ஒன்றும் கிடையாது" என்று கொடுத்தார்கள்.

ப: முதலில் அதைத் தொடுவதை நிறுத்துங்கள். மூக்கில் ஃபியூஸ் இல்லையென்றால் ஃபியூஸே இல்லை என்று அர்த்தமில்லை. சோவியத் கவசத் துளைப்பு ஷெல்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே சின்ன அறை உண்டு. ரகத்தைப் பொறுத்துச் சில பத்து கிராமோ அதற்கு மேலோ வெடிமருந்து இருக்கும். ஃபியூஸ் பின்பக்கம் இருக்கும், எம்.டி.-5, எம்.டி.-8 போன்றவை. அதற்கும் பின்னால் டிரேசர், அதாவது பறக்கும்போது ஒளிவிட்டுப் பாதையைக் காட்டும் பொருள். ஷெல் கேஸுக்குள் இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும்போது இது எதுவும் வெளியே தெரியாது. 45 மி.மீ. ஷெல்லில் பி.ஆர்.-240 என்று எழுதியிருந்தால் அது வெடிமருந்துள்ளது. அதே எண்ணோடு எஸ்.பி. சேர்ந்தால்தான் திட இரும்பு. அந்த இரண்டு எழுத்து துருவில் போயிருந்தால் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எடை போட்டுப் பார்க்கிறேன் என்றும் கிளம்ப வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தராசு சொல்லாது. இருக்கிற இடத்தில் விட்டுவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லுங்கள், அவர்கள் ஆள் அனுப்புவார்கள்.

கே: ஷெல்லில் இரண்டு பிளஸ் குறி இருக்கிறது. சக்தி அதிகமா?

ப: எடை அதிகம். தயாரிப்பில் வரும் எடை வித்தியாசத்தைக் குறிக்க அப்படிப் போடுவார்கள். ஒரு பிளஸ் என்றால் ஏறக்குறைய ஒரு சதவீதம் வரை, நான்கு என்றால் மூன்று சதவீதம் வரை. மைனஸும் அப்படியே. சரியான எடைக்கு ஆங்கில எச் போன்ற ரஷ்ய எழுத்து. 122 மி.மீ. ஓ.எஃப்.-462 ஷெல் சுமார் 22 கிலோ, அதில் ஒரு பிளஸ் என்பது அதிகபட்சம் 200 கிராம் சொச்சம்.

கே: 76 மி.மீ. கேஸ் கறுத்துப் போயிருந்தது. புளி போட்டுத் தேய்த்து, பாலிஷும் போட்டேன். இப்போது குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது. எந்த வருடத்து கேஸ் என்று கண்டுபிடிக்க முடியுமா?

ப: அடியில் உள்ள முத்திரையை வைத்துக் கேஸின் வருடம் சொல்லலாம். மற்றதையெல்லாம் நீங்களே புளித்தண்ணீரில் கரைத்துவிட்டீர்கள்.

கேஸின் பக்கவாட்டில் ஸ்டென்சில் போடுவது அலங்காரத்துக்கல்ல. எந்தப் பீரங்கிக்கு, என்ன உந்துமருந்து, எந்தத் தொகுதி, எந்த ஆண்டு, எங்கே நிரப்பியது எல்லாம் அங்கேதான் இருக்கும். '9/7' என்று இருந்தால் மருந்துக் குச்சியின் சுவர் தடிப்பு சுமார் 0.9 மி.மீ., ஏழு துளை என்று பொருள். இத்தனை விவரத்தோடு எண்பது வருடம் தப்பிப் பிழைத்து வந்த கேஸை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாதாரணப் பித்தளைக் குழாய் ஆக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் இப்படி ஒரு கடிதம் வருகிறது, படத்தில் கேஸ் பளபளக்கிறது, கூடவே பெருமை வேறு.

இன்னொன்று. அமோனியா கலந்த பாலிஷ் பித்தளையில் விரிசல் விழ வைக்கும். இது நம் ஊரோடு சம்பந்தப்பட்ட கதைதான்: பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அமோனியாவும், இழுத்து வடித்த பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்று 1921-இல் விளக்கினார்கள். உங்கள் கேஸும் இழுத்து வடித்ததுதான்.

என்ன செய்யலாம்? மெல்லிய துணி, கொஞ்சம் மெஷின் ஆயில், பொறுமை. அதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். மேலே புதுசாக ஸ்டென்சில் அடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். பழைய கீறலின் மேல் புது மை ஓடியிருந்தால் பணத்தை எடுக்காதீர்கள்.

கே: அடியில் உள்ள கே.வி.-4 பிரைமர் (உந்துமருந்தைப் பற்றவைக்கும் பாகம்) சுடப்படாதது போலத் தெரிகிறது. நானே கழற்றலாமா?

ப: கூடாது. மூக்கைப் பார்த்தும் வாயைப் பார்த்தும் திருப்தி அடைகிறவர்கள் அடியைப் பார்ப்பதில்லை. உந்துமருந்து இல்லாத கேஸிலும் பிரைமர் மட்டும் உயிரோடு இருக்கலாம்.

கே: 125 மி.மீ. என்று வாங்கினேன். குட்டையான கிண்ணம் மாதிரி இருக்கிறது. அறுத்துவிட்டார்களா?

ப: அறுக்கவில்லை. 125 மி.மீ. பீரங்கி உள்ள டி-72 டாங்கியின் கேஸ் எரிந்து போகிற வகை. சுட்ட பிறகு மிஞ்சுவது அந்த அடிக் கிண்ணம்தான். நிறைய வீடுகளில் சாம்பல் தட்டாக இருக்கிறது.

கே: 23 மி.மீ., கேஸ் 15 செ.மீ., பித்தளை. இசட்.யூ.-23 விமான எதிர்ப்புப் பீரங்கியுடையதா?

ப: சோவியத் தயாரிப்பு என்றால் இல்லை. இசட்.யூ.-வுக்கு எஃகு கேஸ். பித்தளை என்றால் ஐ.எல்.-2 விமானத்தில் இருந்த வி.யா. பீரங்கியுடையது. வாழ்த்துகள்.

கே: ஜார்ஜியா நாட்டின் டிபிலிசியில் மருத்துவம் படிக்கிறேன். டிரை பிரிட்ஜ் சந்தையில் வாங்கிய வெற்று கேஸை ஊருக்குப் பெட்டியில் போட்டு எடுத்து வரலாமா?

ப: வேண்டாம் தம்பி. வெற்று கேஸ் என்பது உங்களுக்குத் தெரியும், எக்ஸ்ரே திரையைப் பார்ப்பவருக்குத் தெரியாது. 2022 ஏப்ரலில் ஓர் அமெரிக்கக் குடும்பம் கோலான் குன்றில் பொறுக்கிய ஷெல்லை டெல் அவிவ் விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து காட்ட, கூட்டம் சிதறி ஓடியது. அது வெடிக்காத ஷெல். உங்களுடையது அப்படியில்லைதான். ஆனால் இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்பதற்குள் அதன் பாகங்களும் அடங்கும். பெட்டியில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவுக்கே நம் விமான நிலையங்களில் வழக்குப் போடுகிறார்கள். கேஸைப் படம் எடுத்துக்கொண்டு, அங்கேயே யாராவது சேகரிப்பாளருக்குக் கொடுத்துவிடுங்கள்.