மாடி கட்டுமுன் கேட்டில் நின்று எண்ணுங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியின் கட்டிடக் குழுவில் இருக்கிறேன், பெயர் வேண்டாம். இப்போது வண்டி நிற்கும் திடலில் 300 காருக்கு நாலு தளத்தில் பார்க்கிங் கட்டப்போகிறோம். 'பசுமைக் கட்டிடம்' என்று சொல்லி, சுவர் முழுக்க செடி தொங்குகிற மாதிரி ஒரு படம் கொண்டுவந்து காட்டினார்கள். இது நிஜமா, பேருக்கா? நாங்கள் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: முதலில் அந்தச் செடியைப் படத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலில் சுவரில் தொங்கும் செடிக்குத் தினமும் தண்ணீர் விட்டாக வேண்டும், அந்தத் தண்ணீரை டேங்கர் லாரியில் வாங்கி மோட்டார் போட்டு மேலே ஏற்ற வேண்டும், இதையெல்லாம் செய்துவிட்டு அதற்குப் பசுமை என்று பெயர் வைப்பது நல்ல வேடிக்கைதான்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. 300 என்ற எண் எங்கிருந்து வந்தது? யாராவது உட்கார்ந்து எண்ணினார்களா, இல்லை இடத்தை அளந்து எத்தனை அடைக்க முடியும் என்று பார்த்தார்களா? பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் போதும், அதாவது 12.5 சதுர மீட்டர். ஆனால் கார் ஓடும் வழி, சாய்தளம், படி, லிஃப்ட் எல்லாம் சேர்த்தால் ஒரு காருக்கு 25லிருந்து 30 சதுர மீட்டர் கட்ட வேண்டியிருக்கும். தோராயமாகக் கணக்குப் போட்டால் அதற்குள் போகிற கான்கிரீட்டில் மட்டும் 60 மூட்டை சிமெண்ட் இருக்கும். ஒரு கார் சும்மா நிற்பதற்கு 60 மூட்டை! ஒரு டன் சாதாரண சிமெண்ட் தயாரிக்கும்போது கிட்டத்தட்ட முக்கால் டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. மேலே நீங்கள் எத்தனை சோலார் போட்டாலும் சரி, தேவையில்லாத ஒரு தளத்தைக் கட்டாமல் விட்டால் அதில் மிச்சமாவதுதான் பெரிய கணக்கு.

அதனால் கேட்டில் ஒரு ஆளை நோட்டுப் புத்தகத்தோடு ஒரு வாரம் உட்கார வையுங்கள். கார், பைக், ஆட்டோ, ஆம்புலன்ஸ் தனித்தனியாக, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். காவேரிப்பட்டணத்திலிருந்தும் பர்கூரிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் ஓ.பி. பார்க்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் பஸ்ஸிலும் பைக்கிலும் ஷேர் ஆட்டோவிலும் வருகிறவர்களாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்தாறு பைக் நிற்கும். பைக்குக்குச் சரியான இடம் இல்லாததால் அவை கார் இடத்தில் நிற்கின்றன, அதைப் பார்த்துவிட்டு 'கார் பார்க்கிங் போதவில்லை' என்று முடிவெடுக்கிறார்கள். இன்னொன்று, கட்டிடத்துக்கு மிக அருகில் நிழலில் நாள் முழுக்க நிற்கும் கார்கள் யாருடையவை என்று பாருங்கள். குழுவில் இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்லுங்கள்: டாக்டர்கள், அலுவலர்கள் கார்கள் மேல் தளத்துக்குப் போகட்டும், கீழ்த்தளம் ஒரு மணி நேரத்தில் திரும்பிப் போகிற நோயாளிக்கு. பைக்குக்குத் தனி இடமும் கொடுத்து இப்படி ஒழுங்கு செய்தால் ஒரு தளம் குறைந்தாலும் குறையலாம். 2021லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் வாசலில் பஸ் நிற்கிறதா, நிற்கிற இடத்தில் நிழற்குடை இருக்கிறதா? பார்க்கிங் பட்ஜெட்டில் அதற்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

எண்ணிப் பார்த்த பிறகும் கட்டத்தான் வேண்டும் என்றால், சரி, கட்டுங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டோ இரும்பு ஆலைக் கசடு கலந்த பி.எஸ்.சி.யோ கேட்டு வாங்குங்கள். மேட்டூரில் அனல்மின் நிலையமும் சேலத்தில் இரும்பு ஆலையும் இருக்கும்போது இரண்டுமே நமக்குத் தூரத்துச் சரக்கு கிடையாது. இந்தக் கான்கிரீட் இறுக நாள் கூடப் பிடிக்கும், தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் முட்டுகளைச் சீக்கிரம் பிரிக்க மேஸ்திரி அவசரப்பட்டால் விடாதீர்கள், தண்ணீர் கட்டுவதிலும் கஞ்சத்தனம் வேண்டாம். பக்கவாட்டில் சுவரே எழுப்ப வேண்டாம், கைப்பிடிச் சுவர் போதும். எதிரெதிர் பக்கம் திறந்திருந்தால் புகை தானாக வெளியேறும், மின்விசிறிச் செலவு மிச்சம், பகலில் விளக்குக்கூட பாதி வேண்டாம்.

தளங்களைச் சாய்வாகப் போடாமல் சமமாகப் போட்டு, சாய்தளத்தைத் தனியாக ஒரு ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். தரைக்கும் மேல் தளத்துக்கும் நடுவே உயரத்தையும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். இருபது வருடம் கழித்துக் கார் குறைந்தால் அந்தத் தளத்தை மருந்துக் கிடங்காகவோ ஓ.பி.யாகவோ மாற்றலாம். சாய்வாகக் கட்டியதை இடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது.

சோலார் விஷயத்தில் தாராளமாக இருங்கள். ஒரு தளம் 2,000 சதுர மீட்டர் என்றால் மொட்டை மாடியில் கூரை மாதிரி 200 கிலோவாட் போடலாம், ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் என்று வைத்தால் 800 யூனிட். எல்.இ.டி. போட்ட பார்க்கிங்குக்கு அதில் சிறு பங்கு போதும், மீதி ஆஸ்பத்திரிக்கு. ஏ.சி.யும் ஆபரேஷன் தியேட்டரும் அதிகம் ஓடுவது பகலில், வெயிலும் பகலில்தான், இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? மேல் தளத்துக் காருக்கு நிழலும் கிடைத்த மாதிரி ஆச்சு.

கேள்வி: தருமபுரியில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். மாடியே வேண்டாம், பூமிக்கு அடியில் தோண்டலாம், இல்லையென்றால் காரைத் தூக்கி அடுக்கும் மெஷின் வைக்கலாம் என்று பேசுகிறார்கள். எது நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. நம்ம பக்கம் பல இடத்தில் கொஞ்சம் ஆழம் போனாலே பாறை. வார்டு பக்கத்தில் பாறையை உடைத்தால் உள்ளே படுத்திருப்பவர் கதி என்ன? அடித்தளப் பார்க்கிங்கில் மணிக்கு ஆறு முறை காற்றை மாற்ற வேண்டும், தீ விபத்து என்றால் பன்னிரண்டு முறை, இதுதான் தேசியக் கட்டிட விதி. அந்த விசிறிகளுக்கு வருஷம் முழுக்க கரண்ட் பில் கட்ட வேண்டும். மெஷின் பார்க்கிங் இடத்தை மிச்சம் பிடிக்கும், மறுக்கவில்லை, கடைத்தெருவுக்குச் சரி. ஆனால் உங்கள் ஷிப்ட் முடிகிற நேரத்தில் நாற்பது பேர் ஒன்றாக வந்து நிற்பீர்கள், கார் ஒவ்வொன்றாக இறங்கும், அப்போது கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஐ.சி.யு.வுக்கா லிஃப்டுக்கா?

கேள்வி: எலக்ட்ரிக் வண்டி தீப்பிடித்தால் மொத்தக் கட்டிடமும் போய்விடாதா? சார்ஜர் வைக்கவே பயமாக இருக்கிறது. (பாலக்கோட்டிலிருந்து ஒருவர்)

பதில்: பயம் நியாயம்தான், ஆனால் பேட்டரியை மட்டும் பார்க்காதீர்கள். 2023 அக்டோபரில் லண்டன் பக்கத்து லூட்டன் விமான நிலையப் பார்க்கிங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் எரிந்தன, தீ ஆரம்பித்தது ஒரு டீசல் காரில். 2017 கடைசி நாளில் லிவர்பூலிலும் இதே கதை. இரண்டு கட்டிடத்திலும் தண்ணீர் பீய்ச்சும் ஸ்ப்ரிங்க்ளர் கிடையாது, அதைத்தான் கவனிக்க வேண்டும். பக்கம் திறந்த கட்டிடம்தானே, எதற்கு என்று கான்ட்ராக்டர் குறைக்கப் பார்ப்பார். விடாதீர்கள். சார்ஜரை தீயணைப்பு வண்டி எட்டுகிற வெளி ஓரத்தில் வையுங்கள். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர் தயாரிக்கிற மாவட்டத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பிளக் பாயிண்ட் வைக்காமல் கட்டுவது எப்படி? எட்டு மணி நேர ஷிப்டில் வருபவருக்கு மெதுவாக ஏறும் சாதாரண 15 ஆம்பியர் பாயிண்டே போதும், வேகமான சார்ஜர் ஒன்றிரண்டு இருந்தால் சரி. மீதி இடங்களுக்கு இப்போதே ஒயர் போக பைப் மட்டும் போட்டு வையுங்கள், அப்புறம் ஸ்லாபை உடைக்க வேண்டாம்.

கேள்வி: பார்க்கிங் மாடியில் விழும் மழைத்தண்ணீரைப் போர்வெல்லுக்கு விடலாமா? எங்கள் ஊர் தண்ணீரில் ஃப்ளோரைடு. (பென்னாகரம்)

பதில்: விடலாம், பிரித்து விட வேண்டும். சோலார் கூரையில் விழுவது சுத்தமானது, அதை வடிகட்டி சேமிக்கலாம், நிலத்துக்குள் விட்டால் ஃப்ளோரைடு அடர்த்தியும் கொஞ்சம் தணியும். 2,000 சதுர மீட்டர் கூரை, வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால், வழியில் போவது போக 12 லட்சம் லிட்டருக்கு மேல் வரும், அதாவது 12,000 லிட்டர் டேங்கரில் நூறு லோடு. வண்டி நிற்கும் தளத்தைக் கழுவுகிற தண்ணீர் வேறு சமாச்சாரம், அதில் ஆயில், டயர் தூள் எல்லாம் இருக்கும். அதை எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாக விட்டு, சாக்கடைச் சுத்திகரிப்புக்கு அனுப்புங்கள். இரண்டையும் ஒரே பைப்பில் சேர்த்துவிட்டால் நல்ல தண்ணீரும் கெட்டுப்போகும்.

கேள்வி: சக்கர நாற்காலியைக் கார் ஏறும் சாய்தளத்திலேயே தள்ளிப் போனால் ஆகாதா? (அரூர்)

பதில்: ஆகாது. காருக்கு எட்டடிக்கு ஓரடி ஏற்றம் சரி, சக்கர நாற்காலிக்குப் பன்னிரண்டு அடிக்கு ஓரடிக்கு மேல் கூடாது. மாற்றுத்திறனாளிக்கான இடம் 3.6 மீட்டர் அகலத்தில், தரைத்தளத்தில், வாசலை ஒட்டி இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வழி அதைக் குறுக்கே வெட்டக் கூடாது, 108 வந்து நிற்கும் இடத்துக்குத் தனி கேட் வையுங்கள்.

கேள்வி: அந்த இடத்தில் நாலு புளியமரம் இருக்கிறது, வெட்டிவிட்டு இருபது கன்று நடுவதாகச் சொல்கிறார்கள். (மீண்டும் முதல் வாசகர்)

பதில்: மரம் எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள். எண்ணிப் பார்த்ததில் ஒரு தளமோ ஒரு பக்கமோ குறைந்தால் அந்தப் பக்கத்தை மரத்துக்கு விடுங்கள். ஓ.பி. முடியக் காத்திருக்கும் உறவுக்காரர்கள் இப்போதே அதன் கீழேதான் உட்கார்ந்திருப்பார்கள், இரண்டு கல் பெஞ்ச் போட்டால் போதும், கிரானைட் பட்டறையில் கழிவுத்துண்டு மலிவாகவே கிடைக்கும்.