ஹன்னாவின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க

வணக்கம். உங்கள் கணவரின் முன்னோரான ஹன்னா 1690 வாக்கில் மாசசூசெட்ஸ் எசெக்ஸ் கவுண்டியில் வாழ்ந்தவர், ஹன்னாவின் கணவர் பெயர் தெரிகிறது, பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் மட்டும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். திருமணப் பதிவு இல்லை என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். அந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் அந்தத் தலைமுறையில் இறந்த ஆண்களின் உயில்களைப் படியுங்கள், 'இன்னாரின் மனைவியான என் மகள் ஹன்னா' என்ற ஒரு வரி போதும். அப்புறம் நிலப்பத்திரங்கள். அப்பா இறந்தபின் மகள்களும் மருமகன்களும் தங்கள் பங்கைச் சகோதரனுக்கு எழுதிக்கொடுப்பது வழக்கம், அதில் ஹன்னாவும் கணவரும் சேர்ந்து கையெழுத்திட்டிருக்கலாம். (பல பெண்கள் பெயருக்குப் பதில் ஒரு குறிதான் போட்டிருப்பார்கள், அதைப் பார்க்கும்போது மனசு கனத்துவிடும்.)

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள், அக்காலத்தில் 'கசின்' என்றால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம், 'சன் இன் லா' என்றால் மனைவிக்கு முந்தைய திருமணத்தில் பிறந்த மகனாகவும் இருக்கலாம். 1752க்கு முன் அங்கே புத்தாண்டு மார்ச் 25 என்பதால், பிப்ரவரி 1692 என்று எழுதியிருந்தால் அது நம் கணக்கில் 1693. சரி, ஹன்னாவின் கணவரின் உயிலுக்குச் சாட்சி போட்டவர்கள் யார்? அவர்களில் ஹன்னாவின் பிறந்த வீட்டாரும் இருக்கலாம். அந்தப் பெயர்களை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.