'அதிக ஆபத்து' என்று வந்த மரபணு அறிக்கை பற்றி

உமிழ்நீர்ப் பரிசோதனையில் டைப் 2 சர்க்கரை நோய்க்கு 'சராசரியைவிட 1.4 மடங்கு ஆபத்து' என்று வந்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். சரி, அந்த 1.4-ஐ மட்டும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். சராசரியாக 100 பேரில் 10 பேருக்கு நோய் வரும் என்று வைத்துக்கொண்டால், உங்களைப் போன்ற மரபணு உள்ள 100 பேரில் அது 14 ஆகிறது. மீதி 86 பேருக்கு வருவதில்லை. மரபணுக்களை வைத்து ஆபத்தைக் கணக்கிடும் இப்படிப்பட்ட மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளை வைத்து உருவானவை. மற்றவர்களுக்கு அவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது.

உங்கள் அறிக்கையில் இருக்கும் டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவின் மாறுபாடு இந்த நோயின் ஆபத்தில் உண்மையிலேயே முக்கியமானதுதான். ஆனால் அமெரிக்காவில் நடந்த டயாபடீஸ் பிரிவென்ஷன் புரோகிராம் என்ற சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வைப் பாருங்கள். அதில் வாழ்க்கை முறையை மாற்றிய குழுவுக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி, இவைதான் இலக்கு. அந்தக் குழுவில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. அந்த மாறுபாடு இருந்தவர்களுக்கும் இது பலன் தந்ததாக 2006இல் வெளியிட்டார்கள். எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த செய்தி அது.

அறிக்கையோடு விற்கும் 'உங்களுக்கான' மாத்திரைகளை வாங்காதீர்கள். முதலில் எச்பிஏ1சி பரிசோதனை (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) செய்துகொள்ளுங்கள். இன்றைய நிலையை மரபணு சொல்லாது, இரத்தம் சொல்லும். அப்புறம் பெற்றோருக்கு இந்த நோய் இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.